கணையக் குழாய்களைத் திருப்பி அனுப்பிய சீக்வென்சிங் சேவை

"அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா? கணையம் பன்னிரண்டையும் இயந்திரத்துல ஓட்ட வேணாம்னு தோணுது."

சீக்வென்சிங் நிறுவனத்துத் தம்பியிடமிருந்து அந்த அழைப்பு வந்தபோது சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்து மாடியில் அம்மாவுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு எட்டே நாள். கடைக்காரர் விரித்துப் போட்ட சேலைகளுக்கு முன்னால் நின்றபடியே இருபது நிமிடம் எலிக் கணையத்தைப் பற்றிப் பேசினேன். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் ஒன்-நார்த் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஆய்வு அதிகாரியாக வேலை செய்கிறேன். எங்கள் வேலை நீரிழிவு பற்றியது. கொழுப்பு மிகுந்த உணவு தின்ற எலியின் உடலில் எந்தத் திசுவில் எந்த மரபணு கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பது. அதற்கு ஆர்என்ஏ சீக்வென்சிங் வேண்டும். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. இங்கே பல சிறிய குழுக்களைப் போல நாங்களும் குழாய்களை உலர்பனியில் வைத்து வெளியே கொடுத்துவிடுகிறோம். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்திடம் கொடுத்து வருகிறேன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சேவையைத் தேடும் மாணவர்கள் பலர் என்னிடம் "அக்கா, எங்கே கொடுக்கலாம்? எது மலிவு?" என்றே கேட்கிறார்கள். மலிவைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம். ஓர் எலியின் கல்லீரலிலும் கணையத்திலும் தசையிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். கல்லீரல் அல்புமினைச் செய்து இரத்தத்தில் விடுகிறது, கணையம் இன்சுலினையும் செரிமான நொதிகளையும் செய்கிறது. எந்த மரபணு எவ்வளவு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்தப் படிகளைச் சிறு துண்டுகளாக்கி, டிஎன்ஏவாக மாற்றி, இயந்திரம் படிப்பதற்கு ஏற்ற தொகுப்பாக்கி (இதைத்தான் லைப்ரரி என்போம்), கோடிக்கணக்கான துண்டுகளைப் படித்து, எந்த மரபணுவிலிருந்து எத்தனை துண்டு வந்தது என்று எண்ணுகிறோம். 2008-இல் எலியின் மூளை, கல்லீரல், தசை ஆகிய மூன்றையும் இப்படி எண்ணிக் காட்டிய கட்டுரை வந்தது. அதற்கு மறு ஆண்டே ஒற்றை எலி உயிரணுவிலிருந்தும் இதைச் செய்துவிட்டார்கள். இன்று இது அன்றாட வேலை.

அன்றாட வேலை ஆகிவிட்டதுதான் சிக்கலும். இயந்திரம் எங்கும் கிட்டத்தட்ட ஒரே இயந்திரம்தான். எந்தக் குழாயைக் கொடுத்தாலும் அது எண்களைத் துப்பும். கெட்டுப்போன ஆர்என்ஏ கொடுத்தாலும் கோப்பு வரும், தரக்குறியீடு முப்பதுக்கு மேல் என்று பச்சை நிறத்தில் காட்டும். அந்த முப்பது சொல்வது ஓர் எழுத்தை ஆயிரத்தில் ஒரு முறைதான் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு என்பதை மட்டுமே. உள்ளே போன ஆர்என்ஏ நல்லதா என்று அது சொல்லாது. ஆகவே, குழாய் உள்ளே போவதற்கு முன் ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அந்த முறை நான் கொடுத்தவை 48 குழாய்கள். 12 எலிகள், ஒவ்வொன்றிலிருந்தும் கொழுப்பு, கல்லீரல், தசை, கணையம். ஆறு எலிகளுக்கு வழக்கமான தீனி, ஆறுக்குக் கொழுப்புத் தீனி, இரண்டு பக்கமும் ஆண் மூன்று, பெண் மூன்று. குழாய் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை எடுத்து ஆர்ஐஎன் பார்ப்பார்கள். ஆர்என்ஏ எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. 1 முதல் 10 வரை. பத்து என்றால் சிதையாதது. பொதுவாக ஏழுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

கல்லீரல் பன்னிரண்டும் 8.5-க்கு மேல். தசையும் நன்றாக வந்தது. கொழுப்பு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். கணையத்தில்தான் அடி. வழக்கமான தீனி தின்ற ஆறில் ஐந்து ஆறை ஒட்டியும் சற்று மேலாகவும் இருந்தன, ஒன்று 4.4. கொழுப்புத் தீனி தின்ற ஆறும் ஐந்துக்குக் கீழே. மிக மோசமானது 2.6.

கணையம் சிரமமான திசு என்பது எனக்குத் தெரியும். ஆர்என்ஏவை அறுக்கும் நொதியைக் கணையமே கூடை கூடையாகச் செய்கிறது. ஆய்வுக்கூடங்களில் புட்டியில் வாங்கும் ஆர்என்ஏஸ்-ஏ என்ற நொதியே மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான், கொதிக்க வைத்தாலும் சாகாதது. கத்தி வைத்த கணத்திலிருந்து கணையம் தன் ஆர்என்ஏவைத் தானே தின்னத் தொடங்கும். அதனால் 4.4 வந்ததில் எனக்கு அதிர்ச்சி இல்லை. "ஏழு போனா போகட்டும் தம்பி, மிச்சம் அஞ்சை ஓட்டிடுங்க, ஆராய்ச்சி மானியத்தை மார்ச்சுக்குள்ள முடிக்கணும்" என்றேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: "அக்கா, மோசமான ஏழுல ஆறும் ஒரே குரூப்பா இருக்கே, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அவர்கள் குழாய்களோடு ஒரு விவரத் தாளைக் கேட்பார்கள். எந்த எலி, எந்தத் தீனி, ஆணா பெண்ணா, எந்த நாள் அறுத்தது, யார் அறுத்தது. அந்தத் தாளையும் ஆர்ஐஎன் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கொழுத்த எலியின் வயிற்றைத் திறந்தால் கணையம் கொழுப்போடு கொழுப்பாகக் கலந்து கிடக்கும், எது எதுவென்று பிரிப்பதற்கே நேரமாகும். வழக்கமான எலியில் ஒரு நிமிடத்தில் எடுத்ததைக் கொழுத்த எலியில் நான்கைந்து நிமிடம் தேடியிருக்கிறேன். அந்த நிமிடங்களில் ஆர்என்ஏ அறுபட்டுவிட்டது. இப்போது இந்தப் பன்னிரண்டையும் ஓட்டியிருந்தால் என்ன ஆகும்? சிதைந்த ஆர்என்ஏவில் வால் பக்கத்தை மட்டும், ஆர்என்ஏவைப் பொறுக்கி எடுக்கும் காந்த மணிகள் பிடித்துக்கொள்ளும். படிக்கும் துண்டுகள் எல்லாம் மரபணுவின் கடைசிப் பகுதியில் குவியும். நீளமான மரபணுக்கள் குறைந்தது போலத் தெரியும். இரண்டு குழுவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மரபணுக்களில் வேறுபாடு வரும். நான் அதைக் கொழுப்புத் தீனியின் விளைவு என்று எழுதியிருப்பேன். உண்மையில் அது என் கத்தியின் வேகம்.

கெட்டதை நீக்கிவிட்டு நல்ல ஐந்தை மட்டும் ஓட்டலாம் என்றால், ஐந்தும் ஒரே குழு. ஒப்பிட எதிரில் ஆள் இல்லை.

ஐந்து மாதிரிக்கான கட்டணத்தையாவது அவர்கள் வாங்கியிருக்கலாம். நானே ஓட்டச் சொன்னேன், எழுத்தில் கொடுத்திருந்தால் ஓட்டியிருப்பார்கள், அவர்கள் மீது எந்தக் கேள்வியும் வந்திருக்காது. தரப் பரிசோதனைக்கான சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டையும் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறைக்கு ஒரு யோசனையும் சொன்னார்: கணையத்தை வெட்டி எடுக்கும் முன்பே, ஆர்என்ஏவைக் காக்கும் திரவத்தை ஊசியால் அதற்குள் செலுத்திவிடுங்கள், அறுக்கும் வரிசையிலும் கணையத்தை முதலில் எடுங்கள். இதெல்லாம் விலைப்பட்டியலில் இல்லாத வேலை.

மீதி 36 குழாய்கள் ஓடின. இங்கே இன்னொரு விஷயத்துக்காகவும் அவர்களைப் பாராட்ட வேண்டும். தட்டில் குழாய்களை வைக்கும்போது கல்லீரல் ஒரு வரிசை, தசை ஒரு வரிசை என்று வைக்கவில்லை. திசுவையும் தீனியையும் ஆண்பெண்ணையும் கலந்து குலுக்கி வைத்தார்கள். சின்ன வேலை போலத் தெரியும். 2014-இல் எலியையும் மனிதனையும் பல திசுக்களில் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்தது. எலியின் கல்லீரல் மனிதக் கல்லீரலோடு சேராமல் எலியின் மற்ற உறுப்புகளோடு சேருகிறது என்றது அதன் முடிவு. மறு ஆண்டு வேறு இருவர் அதே தரவை எடுத்துப் பார்த்தார்கள். எலி மாதிரிகளும் மனித மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டத்தில் படிக்கப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்ததும் கல்லீரல் கல்லீரலோடு, மூளை மூளையோடு சேர்ந்தது. இப்படி ஒரு விவாதம் நடந்த துறையில், குழாயை எந்தக் குழியில் வைப்பது என்று யோசிக்காத நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. நானே இதற்கு முன் வேறோர் இடத்தில் கொடுத்தபோது, அனுப்பிய வரிசையிலேயே அடுக்கி ஓட்டினார்கள்.

தரவு சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்தது. ஒரு மாதிரிக்கு மூன்று கோடி ஜோடித் துண்டுகள் கேட்டிருந்தேன், எதிலும் குறையவில்லை. நான் முதலில் பார்ப்பது எப்போதும் ஒரே மரபணுவைத்தான். எக்ஸிஸ்ட். பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைக்கும் ஆர்என்ஏ அது. பெண் திசுவில் நிறைய இருக்கும், ஆண் திசுவில் இருக்காது. ஏழாம் எண் எலி ஆண். அதன் கல்லீரலில் எக்ஸிஸ்ட் கொட்டிக் கிடந்தது. எட்டாம் எண் பெண். அதன் கல்லீரலில் சுத்தமாக இல்லை, ஒய் குரோமோசோம் மரபணுக்கள்தான் இருந்தன. யாரோ எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்தான் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினேன். காலையில் பதில் வந்தது, கூடவே ஒரு புகைப்படம். பெட்டி வந்து சேர்ந்ததும் பனியைத் தட்டிவிட்டு ஒவ்வொரு குழாயையும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வைப்பார்களாம். இது எனக்கு அதுவரை தெரியாது. படத்தில் என் கையெழுத்து. மூடியில் 7, உடலில் 8. இன்னொன்றில் மூடியில் 8, உடலில் 7. அறுத்த அன்று மூடிகளை நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். அவர்கள் மூடியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள், அதில் தவறு இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தசையையும் கொழுப்பையும் சரிபார்த்தேன், அவை சரியாக இருந்தன. இரண்டு பெயர்களை மாற்றியதும் தீர்ந்தது. ஆணும் பெண்ணும் கலக்காமல் ஆண் எலிகளை மட்டும் வைத்துச் செய்திருந்தால் இது தெரிந்தே இருக்காது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. விலை முதலில். அதே வேலைக்கு மற்ற இரண்டு இடங்களில் வாங்கிய மதிப்பீட்டைவிட இங்கே கால் பங்கு கூடுதல். அந்தக் கால் பங்கு எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும் என்பதால் நான் கொடுக்கிறேன். சொந்தப் பணத்தில் படிக்கும் மாணவருக்கு அது சுலபமில்லை.

தரவுக்கான இணைப்பு முப்பது நாளில் காலாவதியாகிறது. பெரிய கோப்புகள், விடுமுறைக் காலம், எங்கள் கூடத்து வேகமில்லாத இணையம். இருபத்தேழாம் நாள் இரவு உட்கார்ந்து பதிவிறக்கினேன். மூன்று மாதத்தில் மீந்த ஆர்என்ஏவையும் எறிந்துவிடுவார்கள், நாம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஒழிய. இரண்டுமே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. இவ்வளவு கவனமாக வேலை செய்பவர்கள் இதை விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் போடலாம்.

பெரிய குறை, இலவசமாக வரும் பகுப்பாய்வு அறிக்கை. வண்ண வண்ணமாக எண்பது பக்கம். அதில் திசுக்களுக்கு இடையே மரபணு அளவுகளை நேரடியாக ஒப்பிட்டுப் பட்டை வரைபடங்கள் போட்டிருந்தார்கள். இது ஆபத்து. எண்ணப்படுவது மொத்தத்தில் ஒரு பங்கு. ஒரு திசுவில் சில மரபணுக்கள் மட்டும் மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் குறைந்தது போலத் தெரியும். ஜிடெக்ஸ் என்ற அமெரிக்கத் திட்டம் இறந்தவர்களின் உடல் கொடையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட திசுக்களை இப்படிப் படித்தது. அதில் முழு இரத்தத்தின் மொத்தப் படியெடுப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூன்றே மூன்று ஹீமோகுளோபின் மரபணுக்கள். இரத்தத்தில் ஒரு மரபணு குறைவு என்று பார்த்தால், அது உண்மையிலேயே குறைவா, ஹீமோகுளோபின் இடத்தை அடைத்துக்கொண்டதா என்று கேட்டாக வேண்டும். அல்புமின் நிறைந்த கல்லீரலுக்கும் இதே கேள்விதான். இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். அறிக்கை தானாகத் தயாராவது, அதை யாரும் திருத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார். மூலக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு அறிக்கையை ஓரமாக வையுங்கள் என்பதுதான் என் யோசனை. முதலாண்டு மாணவர் அந்த எண்பது பக்கத்தை நம்பி ஓர் ஆய்வேட்டையே எழுதிவிடக் கூடும்.

ஒற்றை உயிரணு சேவையையும் ஒரு முறை பயன்படுத்தினேன், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 36 குழாய்களின் முடிவில், கொழுத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் அழற்சி மரபணுக்கள் எகிறியிருந்தன. கொழுப்பு உயிரணுக்களே மாறிவிட்டனவா, அல்லது மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கூட்டமாக வந்து குடியேறிவிட்டனவா? மொத்தத்தையும் அரைத்துப் படித்த குழாயிலிருந்து இதைச் சொல்ல முடியாது. உயிரணு ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் தனித்தனி நீர்த்துளிக்குள் அடைத்து, துளிக்கு ஓர் அடையாள எழுத்து வரிசை கொடுத்துப் படித்தால் சொல்லலாம்.

கொழுப்பு உயிரணு அந்தத் துளிக்குள் அடங்காது. பெரியது, மிதக்கும், தொட்டால் உடையும். ஆகவே உயிரணுவை உடைத்து உட்கருவை மட்டும் எடுத்து ஓட்ட வேண்டும். மூன்று வாரம் முன்பே நேரம் பதிய வேண்டும் என்பது எரிச்சல்தான், ஆனால் அன்று நான்கு மாதிரிகளோடு போனபோது நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். ஒன்றில் உட்கருக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ஒரு துளிக்குள் இரண்டு மூன்று போய்விடும். அதை நிறுத்திவிட்டு மூன்றை ஓட்டினோம். மாதிரிக்குப் பத்தாயிரம் உட்கரு எதிர்பார்த்து ஆறாயிரம் சொச்சம்தான் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது. அழற்சி மரபணுக்களில் பெரும்பாலானவை மேக்ரோபேஜ்களில்தான் இருந்தன. கொழுத்த எலியின் கொழுப்பில் அவற்றின் எண்ணிக்கை பெருகுவது 2003-லிருந்தே தெரிந்த சங்கதி. எங்கள் எலிகளிலும் அதைக் கண்ணால் பார்த்ததில் ஒரு திருப்தி. கொழுப்பு உயிரணுக்களிலும் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. மூன்று மாதிரிகளை வைத்து அதைச் சொல்ல மாட்டேன்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்கலாம். அப்பாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. அங் மோ கியோ வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் தயிருக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா. சிங்கப்பூரில் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அரசாங்கம் 2016-இல் அறிவித்தது. நம் இந்தியச் சமூகத்தில் இந்த நோய் சீனர்களைவிட அதிகம் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் நான் மேலே சொன்ன ஜிடெக்ஸில் உடல் கொடுத்தவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் வெள்ளையர். நம்மைப் போன்றவர்களின் திசு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான குறிப்பேடு மெலிந்தது. அண்மைக் காலத்தில்தான் அது மாறுகிறது. சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் உட்பட ஐந்து ஆசிய நாடுகளின் ஏழு மக்கள் பிரிவினரிடமிருந்து, 619 பேரின் இரத்தத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயெதிர்ப்பு உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் படித்த ஆசிய வரைபடம் 2025-இல் வெளியானது. அந்தப் பணியில் இங்குள்ள மரபணுத்தொகுதிக் கழகத்துக்குப் பெரும் பங்கு. அதைப் படித்த அன்று மாலை புவன விஸ்தா ரயிலில் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நம்மாளுங்களும் இருக்காங்களா?" என்றார். இருக்காங்கப்பா.

கணையத்துக்கு வருகிறேன். புதிதாகப் பன்னிரண்டு எலிகள், பதினாறு வாரத் தீனி. மானியக் கெடு தாண்டிவிட்டது, நீட்டிப்புக் கேட்டு வாங்கினோம். அவர் சொன்னபடியே திரவத்தை ஊசியில் ஏற்றி, கணையத்தை முதலில் எடுத்தேன். கொழுத்ததையும் மெலிந்ததையும் மாற்றி மாற்றி அறுத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைத் தாளில் குறித்தேன். மூடியையும் உடலையும் இரண்டு பேர் படித்துச் சரிபார்த்தோம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வியாழக்கிழமை பெட்டி போனது. வெள்ளிக்கிழமை மாதிரி எடுத்துக்கொள்ள அவர்கள் ஆள் அனுப்புவதில்லை, அதையும் குறையாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்குக் கைபேசியில் ஒரு செய்தி. பன்னிரண்டு எண்கள், கீழே ஒரே வரி. மிகக் குறைந்தது 6.8, அதுவும் மெலிந்த எலி. "அக்கா, ஓட்டலாம்."